கூரைக்குள் ரக்கூன்: ஜெர்மனியில் குடியேறிய விலங்கோடு ஒரே தெருவில் வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ரக்கூன், ஜெர்மனியில் இன்று காட்டைவிட ஊருக்குள்தான் நெருக்கமாக வாழ்கிறது. கூரைப் பரணில் குட்டி போடுகிறது, குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது, கோழிக்கூட்டைத் திறக்கிறது. அங்கே சொந்த வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, வேலைக்கு உதவும் அளவில் பதில் சொல்லியிருக்கிறோம். அவசரத்தில் இருப்பவர்கள், ஓட்டையை அடைப்பதற்கு முன் குட்டிகள் பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ரக்கூன் என்பது கரடியா, பூனையா?

இரண்டும் இல்லை. தனிக் குடும்பத்தைச் சேர்ந்த ஊனுண்ணி. ஆனால் கிடைப்பதையெல்லாம் தின்னும்: மண்புழு, நத்தை, தவளை, முட்டை, செர்ரி, சோளம், நேற்றைய மீன் குழம்பு. எடை பெரும்பாலும் 4 முதல் 9 கிலோ வரை இருக்கும். இலையுதிர் காலத்தில் கொழுப்பேறிக் கனத்துவிடும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் வாலில் கறுப்பு வளையங்களும் அடையாளம்.

ஜெர்மன் பெயர் ‘வாஷ்பேர்’. ஜப்பானியப் பெயர் ‘அராய்குமா’. இரண்டுக்குமே ‘கழுவும் கரடி’ என்றுதான் பொருள். உண்மையில் அது எதையும் கழுவுவதில்லை. ஓடைக்கரையில் நீருக்கடியில் கைவிட்டுத் துழாவி இரை தேடுவது அதன் பிறவிப் பழக்கம். கூண்டில் இருக்கும் ரக்கூன் கையில் கிடைத்ததைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு உருட்டுவது அந்தப் பழக்கத்தின் மிச்சம். முன்னங்கைகளின் தொடு உணர்வு அபாரமானது. தாழ்ப்பாள், கிளிப், வாளி மூடி எல்லாவற்றையும் அது கண்ணால் பார்த்து அல்ல, தடவிப் பார்த்தே திறக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பல வேலைகளின் காரணம் தானே புரியும்.

ஜெர்மனிக்கு எப்படி வந்தது?

மனிதர்தான் கொண்டுவந்தார்கள். தோலுக்காக 1920களிலிருந்தே பண்ணைகளில் வளர்த்தார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று ஹெசன் மாநிலத்தின் ஏடர்சே ஏரிக்கரையில் இரண்டு ஜோடி ரக்கூன்களைத் திறந்துவிட்டார்கள். உள்ளூர் விலங்கினத்துக்கு வளம் சேர்க்கலாம் என்பது நோக்கம். அரசு அனுமதி வந்துசேரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நாஜித் தலைவர் கோரிங்கின் உத்தரவால் விடப்பட்டவை என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

இரண்டாவது வழி போர். 1945இல் பெர்லினுக்குக் கிழக்கே ஷ்ட்ராவுஸ்பெர்க் அருகில் ஒரு தோல் பண்ணையில் குண்டு விழுந்து, இரண்டு டஜன் அளவில் விலங்குகள் தப்பின. ஏடர்சேயில் தொடங்கிய மத்திய ஜெர்மனிக் கூட்டத்தையும், பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலக் கூட்டத்தையும் இன்றும் மரபணுவை வைத்துப் பிரித்தறிய முடிகிறது.

இத்தனை பெருகியது எப்படி? ஊருக்குள் ஏன் வருகிறது?

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும். சுமார் 63 முதல் 65 நாள் சினை. வசந்தத்தில் ஒரு ஈற்றுக்குச் சராசரி மூன்று குட்டிகள். பெண் குட்டிகளில் பல அடுத்த ஆண்டே தாயாகிவிடும். வளர்ந்த ரக்கூனைத் தொடர்ந்து வேட்டையாடித் தின்னும் விலங்கு அங்கே இல்லை என்றே சொல்லலாம்.

ஊர் அதற்குக் காட்டைவிட வசதி. காட்டில் முதிய ஓக் மரப் பொந்துக்கு அலைய வேண்டும். ஊரில் ஒவ்வொரு கூரையும் ஒரு பொந்து, அதுவும் குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு விரித்த பொந்து. காட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒற்றை இலக்கத்தில் இருக்கும் எண்ணிக்கை, காசெல் நகரில் நூறை எட்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ‘ரக்கூன் தலைநகர்’ என்று அந்த ஊருக்குப் பெயரே வந்துவிட்டது.

பரணில் ராத்திரி சத்தம் கேட்கிறது. ரக்கூனா, மார்டரா?

மார்டர் என்பது மரநாய் உருவில் ஒல்லியாக இருக்கும் உள்ளூர் விலங்கு. எடை ஒன்றிரண்டு கிலோதான். அது ஓடினால் ‘தடதட’ என்று வேகமாகக் கேட்கும். கார் எஞ்சினில் வயரைக் கடிப்பதும் அதுதான். ரக்கூன் நடந்தால் ஆள் நடப்பதுபோலக் கனமாக இருக்கும். பொருளை இழுக்கும், புரட்டும். ஏப்ரல், மே மாதங்களில் பறவைக் குஞ்சு கத்துவதுபோல விடாத கீச்சொலி வந்தால் குட்டிகள் இருக்கின்றன.

உறுதி செய்ய வெளியே போய் மழைநீர்க் குழாயைப் பாருங்கள். தூசி படிந்த தகரக் குழாயில் ஐந்து விரலும் விரிந்த, சின்னக் குழந்தையின் உள்ளங்கைபோன்ற சேற்றுத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பீலிவரை போகும். (பீலி: கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகர வாய்க்கால்.) மார்டர் அப்படிக் கைத்தடம் வைக்காது. பரணுக்குள் ஒரே மூலையில் எச்சம் குவிந்திருப்பதும், பஞ்சு மெத்தைபோல அழுத்திக் கிடப்பதும், கீழ் அறையின் கூரையில் மஞ்சள் கறை பரவுவதும் ரக்கூனின் மற்ற அடையாளங்கள்.

எந்த வழியாக ஏறுகிறது?

முதல் சந்தேகம் எப்போதும் மழைநீர்க் குழாய்மீதுதான் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப்பிடித்து, சுவர்க் கொக்கிகளில் கால் வைத்து, இரண்டாம் மாடிக்கு நொடிகளில் போய்விடும். பின்னங்காலைப் பின்பக்கமாகத் திருப்ப முடியும் என்பதால் தலைகீழாகவே இறங்கும். அடுத்தது கூரையைத் தொடும் மரக்கிளை. அதன்பின் கொடி படர்ந்த சுவர், கொடிப்பந்தல், கார் நிறுத்தும் கொட்டகை, அடுக்கிவைத்த விறகு.

மேலே போனதும் ஓட்டின் விளிம்பில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கும். ஒரு ஓடு ஆடினால் போதும். பூனைக் கதவு, பிளாஸ்டிக் காற்றுத் துவாரம், மூடியில்லாத புகைபோக்கி, கூரைச் சன்னலின் பக்கவாட்டுத் தகடு ஆகியவையும் வாசல்கள்தான். 10 செ.மீ. அகல இடைவெளி இருந்தால் வளர்ந்த விலங்கும் நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் ஏறாமல் தடுப்பது எப்படி?

பலரும் காசைச் செலவழித்து ஏமாறும் இடம் இது. செய்ய வேண்டியது, வழுக்கும் தகட்டால் ஒரு பட்டை. வழவழப்பான துத்தநாகம் அல்லது அலுமினியத் தகடு, உயரம் குறைந்தது 1 மீட்டர். தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் தொடங்கி இரண்டு மீட்டருக்கு மேல்வரை வரட்டும். குழாயை மட்டும் சுற்றினால் போதாது. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் மூடி, இருபுறமும் சுவர்மேல் அரை மீட்டராவது தகடு படிய வேண்டும். மொத்தத்தில் ஒரு சதுர மீட்டர் வழுக்குப் பரப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏன் தோற்கிறது? சொரசொரப்பான சுவர்ப் பூச்சில் நகம் பதித்துத் தகட்டைச் சுற்றிக்கொண்டு ஏறி, அதற்கு மேலே குழாயைப் பிடித்துவிடும். இதுதான் முதல் காரணம். தகட்டுக்குக் கீழே குப்பைத் தொட்டியோ விறகோ இருந்தால் அதிலிருந்து எம்பும். ஸ்குரூ தலை வெளியே துருத்தினால் அதுவே படி. தகட்டின்மேல் சுவர் நிறத்தில் மணல் கலந்த பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், அத்தோடு வழுக்கல் போயிற்று. எல்லாம் சரியாகச் செய்தபின் வீட்டின் பின்பக்கக் குழாயை மறந்துவிடுவதும் நடக்கிறது. ஒரு வீட்டில் நான்கு குழாய் இருந்தால் நான்கையும் மூட வேண்டும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய கூரையாக இருந்தால் அவர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன். வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் செய்யும் செலவு வீண்.

பல் வரிசை வைத்த முள் வளையங்களைக் கடைகளில் விற்கிறார்கள். ரக்கூன் பல்லுக்கு நடுவில் கை வைத்து ஏறிவிடும். தகட்டையே சிபாரிசு செய்கிறோம்.

மரங்கள்: கூரையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி இருக்கும்படி கிளைகளை வெட்டுங்கள். வெட்டக்கூடாத மரமாக இருந்தால் தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் உயரத் தகட்டுப் பட்டை கட்டலாம். தண்டு பருக்கும் என்பதால் ஆணி அடிக்காமல் ஸ்பிரிங் வைத்துக் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும். பக்கத்து மரத்தின் கிளை கோர்த்திருந்தால் அந்த மரத்துக்கும் பட்டை தேவை.

புகைபோக்கிக்கு உறுதியான உலோகக் கூண்டு போட வேண்டும். புகைபோக்கிப் பரிசோதகரைக் கேட்காமல் போடாதீர்கள். புகை வெளியேறுவது தடைபட்டால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும்.

உள்ளே நுழைந்துவிட்டது. இன்றே ஓட்டையை அடைத்துவிடலாமா?

வேண்டாம். மார்ச் முதல் ஆகஸ்ட் இறுதிவரை உள்ளே குட்டிகள் இருக்கலாம். தாய் இரை தேடப் போன நேரத்தில் அடைத்தால், அது கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு திரும்ப வரும். ஒரு வாசலுக்குப் பதில் மூன்று வாசல் ஆகிவிடும். வர முடியாமல் போனால் குட்டிகள் பஞ்சுக்கு நடுவில் பட்டினியால் சாகும். அது கொடுமை, சட்டப்படியும் குற்றம். அந்த நாற்றம் போகச் சுவரையே பிரிக்க வேண்டி வரும்.

முதலில் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். நுழைவாயிலில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகிவிட்டு மூன்று இரவு கவனியுங்கள். அருகில் மாவு தூவிவைத்தால் தடம் போகும் திசையும் தெரியும். கடுங்குளிரில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. உறைபனி நாட்களில் ரக்கூன் வெளியே வராமலே பல நாள் படுத்துக்கிடக்கும். தாள் அசையாமல் இருப்பதால் பரண் காலி என்று ஆகிவிடாது.

குட்டிகள் இருந்தால் தாயே கொண்டுபோகும்படி செய்யலாம். ஒரு தாய்க்குச் சுற்றுவட்டத்தில் பல ஒளிவிடங்கள் தெரியும். பகலில் பரண் விளக்கை எரியவிடுங்கள், மனிதப் பேச்சு ஓடும் வானொலியை வையுங்கள், நாளுக்கு இரண்டு முறை ஏறிப்போய் நடமாடுங்கள். குட்டிகளின் பக்கத்தில் போகாதீர்கள், கையால் தொடாதீர்கள். பல தாய்கள் சில இரவுகளில் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்வி வேறிடம் மாற்றிவிடும். மாற்றாவிட்டால் குட்டிகள் தாமே தாயோடு வெளியே போய்வரும் கோடைக் கடைசிவரை பொறுக்க வேண்டும். கஷ்டம்தான், வேறு நல்ல வழி இல்லை.

குட்டிகள் இல்லை என்று உறுதியானபின், செப்டம்பர் முதல் உறைபனி தொடங்கும்வரை உள்ள வாரங்கள்தான் அடைக்கச் சிறந்த காலம். வாசலில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தொங்கு கதவைப் பொருத்தி, தாள் சோதனையை மீண்டும் செய்து, காலி என்று தெரிந்ததும் நிரந்தரமாக மூடுங்கள்.

மூடப் பயன்படுத்த வேண்டியது வெல்டிங் செய்த கால்வனைஸ்டு கம்பி வலை அல்லது உலோகத் தகடு. கம்பித் தடிமன் 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது, கண் அளவு 2.5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 10 செ.மீ. படியும்படி வெட்டி, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூ, அதில் அகல வாஷர். கோழிக்கூட்டுக்குப் போடும் அறுகோண மெல்லிய வலையைக் கையாலேயே கிழித்துவிடும். ஸ்டேப்பிள் பின் பிடுங்கிக்கொள்ளும். நுரை அடைப்பான் அதற்குப் பஞ்சு மிட்டாய் மாதிரி. ஆடும் ஓடுகளைப் புயல் கொக்கி போட்டுக் கட்டிவிடச் சொல்லுங்கள், கூரை வேலைக்காரர்களுக்கு இது தெரிந்த சாமான்தான்.

அந்துருண்டை, மிளகாய்த்தூள், அல்ட்ராசவுண்ட் கருவி உதவுமா?

சில நாள் தயங்கும். பிறகு பழகிவிடும். அந்துருண்டையைப் பரணில் கொட்டினால் அதன் ஆவி முதலில் உங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். அந்தப் பணத்தைத் தகட்டில் போடுங்கள்.

குப்பையை என்ன செய்வது?

மீன் செதில், கோழி எலும்பு, சோறு, எண்ணெய்ப் பலகாரம் இவைதான் இழுக்கும். நம் சமையலில் மீன் கழிவு அதிகம் என்பதால் தமிழ் வீடுகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மீன் கழிவை இரண்டு பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும் நாள் காலையில் தொட்டியில் போடுவது நல்ல பழக்கம். முந்தின இரவே தொட்டியைத் தெருவில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக், டின் போடும் மெல்லிய மஞ்சள் பையைக் கழுவாத தயிர் டப்பாவோடு இரவில் வெளியே வைத்தால் காலையில் தெரு முழுக்கக் கிடக்கும்.

தொட்டி மூடிக்கு இழுத்துப் பூட்டும் ரப்பர் வாரோ கொக்கியோ போடுங்கள். மேலே செங்கல் வைப்பதில் பயனில்லை, தொட்டியையே கவிழ்த்துவிடும். சுவரில் வளையம் அடித்து அதில் கட்டினால் கவிழாது. வேலியிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி இருந்தால் மூடிமேல் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. உரக்குழியில் சமைத்த உணவு, இறைச்சி, மீன் போடக்கூடாது. மரத்தடியில் விழுந்த பிளம், ஆப்பிள்களை மாலையே பொறுக்கிவிடுங்கள். பூனைச் சாப்பாட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள். பூனைக் கதவு இருந்தால், உங்கள் பூனையின் தோலடியில் வைத்த அடையாளச் சிப்பை அறிந்து திறக்கும் வகையை வாங்குங்கள். காந்தப் பூட்டு வைத்த பழைய வகை ரக்கூன் விரலுக்கு நிற்காது.

பாவம், கொஞ்சம் பிஸ்கட் போட்டால் என்ன?

போடாதீர்கள். தீனி கிடைக்கும் இடத்தில் மனிதருக்குப் பயப்படுவது போய்விடும், நாலு குடும்ப ரக்கூன் ஒரே இடத்தில் சேரும், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் பரவும். பெர்லினில் காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் அபராதமும் உண்டு. கடைசியில் அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பது விலங்குதான். கையில் வாங்கித் தின்னப் பழகியதைத்தான் அடுத்த வீட்டுக்காரர் புகார் செய்து பிடிக்கச் சொல்வார்.

கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாமா?

கூடாது. ரக்கூன் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அயல் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் வளர்ப்பது, விற்பது, இடம் மாற்றுவது, திறந்துவிடுவது எல்லாமே தடை. குடியிருப்புப் பகுதியில் கூண்டு வைக்க அனுமதியும் அதற்கான பயிற்சிச் சான்றும் வேண்டும். பிடிபட்டால் அநேகமாகக் கொல்லத்தான் முடியும் என்பதைத் தெரிந்துகொண்டே அந்த முடிவை எடுங்கள்.

எங்கள் எண்ணம் இது: திறந்துகிடக்கும் வீட்டில் ஒன்றைப் பிடித்தால் அந்த இடம் காலியாகும், அடுத்தது வரும். இலையுதிர் காலத்தில் இளம் ரக்கூன்கள் இடம் தேடி அலையும்போது சில வாரங்களிலேயே வந்துவிடும். வீட்டை மூடினால் பிடிக்கவே தேவையில்லை. மூடாவிட்டால் பிடித்தும் பயனில்லை. அப்படியும் ஆள் தேவைப்பட்டால் மாவட்ட வேட்டை அலுவலகத்தைக் கேளுங்கள். சில நகரங்களில் ‘ஷ்டாட்யேகர்’ எனப்படும் நகர வேட்டையாளர் இருப்பார்.

டொரன்டோவில் இருக்கும் உறவினர், பிடித்து அருகிலேயே விடலாம் என்கிறாரே?

அவர் ஊருக்கு அது சரி. கனடாவில் ரக்கூன் மண்ணின் விலங்கு. ஒன்டாரியோவில் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியில் அது அயல் விலங்கு, எங்கேயும் விடக்கூடாது. ஆனால் டொரன்டோவிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2016இல் அந்த நகராட்சி திருகிப் பூட்டும் கைப்பிடி வைத்த உணவுக்கழிவுத் தொட்டிகளை வீடுவீடாகக் கொடுக்கத் தொடங்கியது. விலங்கைத் துரத்துவதைவிட மூடியை மாற்றுவது மேல் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

பரணில், தோட்டத்தில் எச்சம் குவிந்திருக்கிறது. ஆபத்தா?

ஆம், இதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும். பரணின் மூலை, தட்டையான கூரை, மர அடி, விறகு அடுக்கின் உச்சி, குழந்தைகளின் மணல் தொட்டி. அந்த எச்சத்தில் பேலிஸ்அஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மத்திய ஜெர்மனி ரக்கூன்களில் இது மிகப் பரவலாக இருக்கிறது. முட்டை வாய்க்குள் போனால் புழுவின் இளநிலை குடலைத் துளைத்துக் கண்ணுக்கோ மூளைக்கோ போகக்கூடும். மனிதருக்கு வருவது மிக அரிது. வந்தால் பாதிப்பு கடுமை. மண்ணை வாயில் வைக்கும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

நல்ல செய்தி: புதிய எச்சத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 2 முதல் 4 வாரம் எடுக்கும். கெட்ட செய்தி: அதன்பின் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங், டெட்டால் எதற்கும் சாகாது. சூடு ஒன்றுதான் கொல்லும். 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஆகவே பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் முறை: ரப்பர் கையுறை, எஃப்எஃப்பி2 முகக்கவசம், கழுவக்கூடிய ரப்பர் பூட்ஸ், தூக்கிப்போடும் மேலங்கி. முதலில் தண்ணீரை மெல்லத் தெளித்து ஈரமாக்குங்கள், தூசி கிளம்பக்கூடாது. துடைப்பம், வேக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம். கரண்டியால் அள்ளி இரண்டு பையில் கட்டி, மீதிக் குப்பை போடும் கறுப்புத் தொட்டியில் போடுங்கள். மண்ணாக இருந்தால் மேல்மண்ணை 5 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துவிடுங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். கெட்டிலில் கொண்டுவந்து ஒரு கோப்பை தெளிப்பது போதாது, குளிர் மண் சூட்டை உடனே உறிஞ்சிவிடும். சிமென்ட் தளத்தில் காஸ் சுடர் காட்டலாம். பரணில் ஒருபோதும் நெருப்பு வேண்டாம், அங்கே மிகச் சூடான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் துணியையும் எறிந்துவிடுங்கள். எச்சம் ஊறிய பஞ்சைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். கடைசியில் கருவிகளிலும் பூட்ஸிலும் கொதிநீர் ஊற்றி, கையைச் சோப்பால் கழுவுங்கள்.

குழந்தை எச்சத்தையோ அங்குள்ள மண்ணையோ வாயில் போட்டுவிட்டால் அறிகுறி வரக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போய், ரக்கூன் எச்சம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடனே கொடுக்கும் புழு மருந்துக்குத்தான் பலன் அதிகம்.

மணல் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுவது ஐந்து நிமிட வேலை. இன்றே செய்துவிடுங்கள்.

கடித்துவிட்டால்? ரேபிஸ் வருமா?

காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி பார்க்க வேண்டும், காயம் சீழ்பிடிக்கவும் கூடும். ஜெர்மனி 2008 முதல் தரைவாழ் விலங்குகளின் ரேபிஸ் இல்லாத நாடாக இருக்கிறது, வௌவால் மட்டும் விதிவிலக்கு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ரக்கூன் ரேபிஸ் உண்டு, அங்கே கடிபட்டால் தடுப்பூசி முடிவைத் தள்ளிப்போடக்கூடாது.

எங்கள் நாய்க்கு என்ன ஆபத்து?

டிஸ்டெம்பர் என்ற கடுமையான வைரஸ் நோய். பகலில் தள்ளாடும், கண்ணில் பீளை வடியும், ஆளைக் கண்டு ஓடாத ரக்கூன் இந்த நோயில் இருக்கலாம். அருகில் போகாமல் நகராட்சிக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். நாயின் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போடுங்கள். பகலில் பார்த்த ரக்கூன் எல்லாம் நோயாளி அல்ல. பால் கொடுக்கும் தாய் பசியில் பகலிலும் வரும்.

கோழிக்கூட்டை எப்படிக் காப்பது?

இருட்டியதும் தானே மூடும் கதவு, மேலே சொன்ன வெல்டிங் வலை, அதைத் தரையில் 30 செ.மீ. புதைப்பது, கூரைக்கும் வலை. வெறும் தாழ்ப்பாள் வேண்டாம். ஸ்பிரிங் கொக்கியோ பூட்டோ மாட்டுங்கள், தடவிப்பார்த்து நகர்த்தும் எதையும் அது திறக்கும். சோளப் பாத்திக்கும் பழ மரத்துக்கும் மின்வேலி நன்றாக வேலை செய்யும். தரையிலிருந்து 15, 30 செ.மீ. உயரத்தில் இரண்டு கம்பி. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், அதனால் வாரம் ஒருமுறை புல்லை வெட்டுங்கள். பழம் கனியும் முன்பே போடுங்கள். ருசி கண்டபின் ஒரு அதிர்ச்சிக்கு அஞ்சாது.

தனியாகக் கிடக்கும் குட்டியை எடுத்து வளர்க்கலாமா?

அனுமதியில்லாமல் வளர்க்கச் சட்டம் இடம் தராது. காயமில்லாத குட்டியை அப்படியே விட்டு ஓர் இரவு பொறுங்கள், பெரும்பாலும் தாய் வந்து எடுத்துப்போகும். வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜப்பானில் 1977இல் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்த்து மயங்கி ஆயிரக்கணக்கான குட்டிகளை இறக்குமதி செய்து வளர்த்தார்கள். ஓரிரு ஆண்டில் முதிர்ந்து கடிக்கத் தொடங்கியதும் காட்டில் விட்டார்கள். இன்று அங்கே பழைய கோயில்களின் மரத் தூண்களில் நகக் கீறல்கள். 2005இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், அதற்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பிரான்சின் வடபகுதியில் லாவோன் நகரின் பக்கம் உள்ள கூட்டமும் 1960களில் அமெரிக்க விமானப்படையினர் செல்லமாக வைத்திருந்தவற்றின் வழித்தோன்றல்தான்.

உள்ளூர் உயிரினங்களுக்கு உண்மையிலேயே தீங்கா?

எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. காட்டில் அதன் உணவில் பெரும்பங்கு மண்புழுவும் நத்தையும் பூச்சியும்தான். ஆனால் அரிதான உயிர் ஒன்று ஒரே குட்டையில் கூடும்போது ஒரு ரக்கூன் போதும். முட்டையிட வரும் தேரைகளின் நச்சுத் தோலை உரித்துவிட்டு உள்ளிருப்பதைத் தின்கிறது. குட்டைக்கரையில் உள்வெளியாகப் புரண்டு கிடக்கும் தேரைத்தோல்களைப் பார்த்தால் அங்கே ரக்கூன் வந்துபோனது தெரியும். பிராண்டன்பர்க்கில் எஞ்சியிருக்கும் ஐரோப்பியக் குளத்து ஆமைகளின் காலைக் கடித்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் வேலியும் மரத்தைச் சுற்றிய தகட்டுப் பட்டையும், தேவையானால் பிடிப்பதும் அவசியம் என்றே நினைக்கிறோம்.

சுட்டுக் குறைக்க முடியாதா?

2000ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மன் வேட்டைக்காரர்கள் சுட்டதும் பிடித்ததும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்குள். 2019-20 பருவத்தில் 2 லட்சத்தைத் தாண்டியது. அப்படியும் பரவல் நிற்கவில்லை. குட்டி வளர்க்கும் தாயைச் சுடக்கூடாது என்று வேட்டைச் சட்டம் சொல்கிறது, ஊருக்குள் சுடவும் முடியாது. நாட்டைவிட்டே அகற்றும் காலம் கடந்துவிட்டது.

வாடகை வீட்டில் இருக்கிறோம். செலவு யாருடையது?

கூரை உரிமையாளருடையது. சத்தம் கேட்ட தேதி, நேரம், தடங்களின் படம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது. நீங்களே கூரையில் ஏற வேண்டாம். குப்பையும் பூனைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. உரிமையாளராக இருந்தால் காப்பீட்டுப் பத்திரத்தில் காட்டு விலங்குச் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பாருங்கள். பெரும்பாலும் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பஞ்சை அள்ளி எறிவதற்கு முன் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.